புளி போட்டுத் தேய்த்த ஸ்க்ரூக்கள்

முருகன் துணை.

எங்கள் பட்டறையில் இப்போது வேலை பார்க்கிற தம்பிகள் இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு சின்ன மலர் போடப் போகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ரேஷன் கார்டு மனுவுக்கு மேல் எதுவும் எழுதிப் பழக்கமில்லை. "பேசற மாதிரியே எழுதுங்கண்ணே, போதும்" என்றார்கள்.

வந்தவர்களில் ஒரு தம்பி செல்போனில் ஒரு படம் காட்டினார். பழைய ஸ்க்ரூ ஒன்றை ஒரு மெஷினுக்கு முன்னால் வைக்கிறார்கள். சிவப்பு வெளிச்சம் அதை ஒரு சுற்று சுற்றி வருகிறது. அளவெல்லாம் திரையில் வந்துவிடுகிறது. "இப்ப இவ்ளோதாண்ணே வேல. நீங்கல்லாம் அப்போ எப்டிண்ணே பண்ணீங்க?" என்றார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்களுக்கு அப்போது அது கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்போம். ஆனாலும் அவர் கேட்டதும் எனக்கு ஒரு பழைய காரின் கதவும், அதை மூடித் திறந்த மனிதர்களும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏகாம்பரம். வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு கிராமம். படிப்பு ஏறவில்லை என்று மாமா என்னை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் விட்டார். முதலில் இரும்புச் சுருள் கூட்டினேன், பிறகு டீ வாங்கினேன், பிறகு லேத் பிடித்தேன். அந்த வருஷங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய கார் கம்பெனி வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சானது. அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு போல்ட்டும் பின்னும் புஷ்ஷும் செய்து கொடுக்கச் சின்னச் சின்ன ஷெட்டுகள் முளைத்தன. அதில் ஒன்று சேரப்பணஞ்சேரியில் எங்கள் முதலாளி போட்டது. சொந்த ஊருக்குப் பக்கமாயிற்றே என்று அங்கே வந்து சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது.

என் லேத்தின் தலைமாட்டில் ஒரு முருகன் படம் ஒட்டி வைத்திருந்தேன். காலையில் ஓர் ஊதுபத்தி ஏற்றிச் செருகிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவேன். அதற்காக ஒரு பாக்கெட் ஊதுபத்தி எப்போதும் என் பையில் இருக்கும். இந்தப் பழக்கத்தை எங்கள் போர்மேன் ஒரு நாளும் தடுத்ததில்லை. "பத்தி சாம்பல் சக்குல விழாம பாத்துக்கிடுங்க, ஏகாம்பரம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். லேத்தில் கம்பியைக் கவ்விச் சுற்றுகிற வாய்தான் சக்.

அவர் பெயர் தேவசகாயம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். எங்களுக்கெல்லாம் 'சார்' என்றால் அவர் ஒருவர்தான். கூட்டுகிறவர் முதல் முதலாளி வரை எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடி துடைத்தால் நாங்கள் எல்லோரும் அவரவர் மெஷினை ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்.

அவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே பச்சைத் துணியில் சுற்றி ஒரு மைக்ரோமீட்டர். அதை யாரும் தொடக் கூடாது. அவர் சம்சாரமே அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. ஆயுத பூஜைக்குக்கூட அதைத் தரமாட்டார். அவர் கிறிஸ்தவர். பூஜை நேரத்தில் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நிற்பார். சாமி முன்னால் வைக்கத் தன்னுடைய ஸ்டீல் ஸ்கேலைத் தருவார். மைக்ரோமீட்டரையும் வையுங்கள் சார் என்று நான் ஒரு வருஷம் கேட்டேன். "சந்தனத்துல ஈரம் இருக்குல்லா. ஸ்கேல் தாங்கும், அது தாங்காது" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பழைய கார் வேலை எங்களிடம் வந்தது காதர் பாயால். வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு புளியமரத்தடி ஷெட்டில் அவர் பழைய இங்கிலீஷ் கார்களைப் பிரித்து, தட்டி, சரி செய்து பழையபடி ஆக்குவார். காஞ்சிபுரம், சென்னை என்று பெரிய வீட்டுக் கார்களெல்லாம் அவரிடம் வரும். காரின் உடம்புக்கு வேண்டிய தகட்டை அவரே தட்டிக்கொள்வார். ஆனால் ஸ்க்ரூ, போல்ட், நட்டுக்கு எங்கே போவார்? அந்தக் கார்களைச் செய்த கம்பெனிகளே இல்லை. சென்னையில் பழைய இரும்புக் கடைகளைக் குடைந்து பார்த்தும் கிடைக்காததை எங்களிடம் எடுத்து வருவார். இதில் நாலு, அதில் ஏழு என்று கேட்பார். ஆயிரக்கணக்கில் செய்து தள்ளுகிற எங்கள் முதலாளி முதலில் சிரித்தார். பிறகு, "சும்மா கெடக்கற நேரத்துல சார் பாத்துக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

அந்த வேலையில் நான் சாரிடம் முதல் தடவை மாட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டும். ஸ்க்ரூவைச் சுற்றி ஓடுகிற பல்லை மரை என்போம். எங்கள் பக்கத்தில் ஓடுகிற மரை எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பல்லின் கோணம் அறுபது டிகிரி. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் மரை இஞ்ச் கணக்கு, கோணம் ஐம்பத்தைந்து. பல்லின் நுனியும் லேசாக உருண்டிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்றை இன்னொன்றில் போட்டால் இரண்டு சுற்று போகும். அதற்கு மேல் இறுகும். நாம் முடுக்கிவிட்டோம் என்று நினைப்போம். உள்ளே அது மரையைத் தின்றுகொண்டிருக்கும்.

நான் பழக்க தோஷத்தில் அறுபதுக்கே டூலைத் தீட்டி, பளபளவென்று அரை டஜன் ஸ்க்ரூ கடைந்து கொண்டுபோய் வைத்தேன். சார் அளவு பார்க்கவில்லை. பாய் கொடுத்த பழைய நட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"போட்டுப் பாருங்க."

நான் ஸ்பானரைத் தேடினேன்.

"ஸ்பானர் எதுக்கு? ரெண்டு விரல் போதும்."

இரண்டு சுற்றில் நின்றது.

"விரல் என்ன சொல்லுது?"

"டைட்டா கீது சார்."

"டைட் இல்ல. எனக்கு இந்த எடம் வேண்டாம்னு அது சொல்லுது. விரலுக்குப் போகாத ஸ்க்ரூ அந்த ஓட்டைக்குச் சொந்தம் கிடையாது. ஸ்பானர வச்சி முடுக்குனா அது நம்ம பலம், அதோட பொருத்தம் இல்ல."

மறுபடி டூலை அவரே தீட்டினார். கல்லில் ஒரு தீட்டு, அளவுத் தகட்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே ஒரு பார்வை. மறுபடி ஒரு தீட்டு. டூலுக்கும் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் துளிகூடத் தெரியாத வரைக்கும் விடவில்லை. மூலையில் கிடந்த பழைய இஞ்ச் லேத்தில் பித்தளைக் கம்பியைப் பிடித்து, ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கடைசியில் வெறும் மூச்சு விடுகிற மாதிரி ஒரு வெட்டு. அந்த ஸ்க்ரூவை நட்டில் வைத்து இரண்டு விரலால் சுண்டினேன். தானாகச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. இதைக் கேட்டு என் வீட்டுக்காரி, "ஒரு ஸ்க்ரூக்கா இவ்ளோ?" என்று கேட்டாள். அவளுக்குப் புரியவைக்க இன்று வரை என்னால் முடியவில்லை.

இப்படி நாலைந்து வருஷம் ஓடியது. இனி அந்தக் கதவுக்கு வருகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பெரியவர். அவர் அப்பா வாங்கிய கறுப்பு நிற இங்கிலீஷ் கார் ஒன்று வீட்டில் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டுகிற நிலைமைக்குக் கொண்டுவரப் பாயிடம் விட்டிருந்தார். எங்கள் முதலாளிக்கும் அந்தப் பெரியவரைத் தெரியும். பழைய கார் வைத்திருப்பவர்கள் வட்டத்தில் அவர் சொன்னால் எடுபடும் என்பதால், இந்த வேலை நன்றாக அமைய வேண்டும் என்று முதலாளி அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காரில் டிரைவர் பக்கத்துக் கதவு ஒன்று சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. பெரியவர் நினைவு தெரிந்த நாளிலிருந்தே அதை ஓங்கி அறைந்துதான் மூட வேண்டுமாம். "அவங்க அப்பா கார எடுத்துக்கினு ஊருக்குப் போனா தெருவுக்கே தெரியுமாம்பா, கதவ அட்ச்ச அடில" என்பார் பாய்.

அந்தக் கதவைப் பிடித்திருந்த கீல்களைக் கழற்றி, அதன் பித்தளை ஸ்க்ரூக்களை எங்களிடம் கொண்டு வந்தார். சும்மா கொண்டு வரவில்லை. நீளமான ஒரு பலகையில் கீல்களைச் சாக்பீஸால் வரைந்து, ஓட்டை போட்டு, எந்த ஸ்க்ரூவை எந்த இடத்திலிருந்து எடுத்தாரோ அதே இடத்தில் செருகிக் கொண்டுவந்தார். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரின் உடம்பு மரச்சட்டம், மேலேதான் தகடு. தச்சர் கையால் இழைத்த சட்டம் என்பதால் ஒவ்வோர் ஓட்டையும் ஒவ்வோர் ஆழம். அதற்கேற்ப ஸ்க்ரூக்களும் ஒன்றுக்கொன்று நூலிழை நீளம் கூடக் குறைய இருக்கும்.

"இத்த பலகைன்னு நெனைக்காத ஏகாம்பரம். இது கதவு. கதவ மடியில வெச்சினு பஸ்ல வர முடியுமா? அதான் இத்த எட்த்தாந்தேன். உஷாரா வெச்சிக்கோ" என்றார் பாய். பாதி ஸ்க்ரூ நன்றாக இருந்தது. மீதிக்குத் தலை சிதைந்திருந்தது. அவற்றை அளவெடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். ஆயுத பூஜை முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்று சார் பலகையைத் தன் மேஜைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

பூஜைக்கு முன்னால் பட்டறையைக் கழுவித் துடைப்பது அஞ்சலையின் பொறுப்பு. அஞ்சலை சேரப்பணஞ்சேரிக்காரர். எங்கள் ஷெட்டில் கூட்டுவதும் பேக்கிங்கும் அவர்தான். வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய் துடுக்கு. ஆனால் அவர் துடைத்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது.

பூஜையன்று எல்லோரும் குளித்து, விபூதி இட்டு வந்தோம். மெஷின்களுக்கெல்லாம் பொட்டு, வாழைக்கன்று, மாவிலை. சாமி படத்துக்கு முன்னால் எங்கள் டூல்கள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு தாம்பாளம். அதில் ஒரு குவியல் பித்தளை ஸ்க்ரூ, குங்குமம் வைத்து, தங்கக் காசு போல மின்னிக்கொண்டிருந்தது. சூடம் காட்டும்போது அந்த வெளிச்சம் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் ஒரு சுடராக நின்றது. நான் கண்ணை மூடி மனமாரக் கும்பிட்டேன். அது என்ன ஸ்க்ரூ என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கடைசி வரிசையில் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பார்வை போன பக்கம் பார்த்தேன். சாமி படம் நின்றிருந்தது பாயின் பலகைமேல். சுத்தமாகக் கழுவி, சாக்பீஸ் கோடு ஒன்றுகூட இல்லாமல், அதன்மேல் அழகாக மாக்கோலம் போட்டிருந்தது.

பொரி, கடலை கொடுத்துக்கொண்டு அஞ்சலை சாரிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா சார்? களிம்பு ஏறி கருகருன்னு கெடந்துச்சு. பித்தளையாச்சேன்னு புளி போட்டு, சாம்பல் போட்டு ஒண்ணொண்ணா தேச்சேன். எங்க வூட்டு குத்துவெளக்க கூட நான் இப்டி தேச்சதில்ல."

சார் பொரியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா தேச்சிருக்கீங்கம்மா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அஞ்சலை அந்தப் பக்கம் போனதும் நான் ஓடிப்போய் மெதுவாக, "சார், இன்னா சார் பண்றது?" என்றேன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எடுங்கள் என்று அவர் சொல்லிவிடுவாரோ, சொன்னால் நான் என்ன செய்வது என்று பயந்தேன்.

"மறுபூஜை எப்போ?"

"காலைல சார்."

"அப்போ அது வரைக்கும் இருக்கட்டும். அந்தம்மாகிட்ட இன்னைக்கு ஒண்ணும் சொல்லாண்டாம். பண்டிகை நாள்."

வேறு மதத்துக்காரர், வேலை கெட்டுக் கிடக்கிற நேரத்தில், எங்கள் சாமிக்காக ஓர் இரவு காத்திருந்தார். அதை நான் மறக்கவில்லை.

மறுநாள் மறுபூஜை முடிகிற நேரத்துக்குச் சரியாகக் காதர் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார்.

"அடடே, ஸ்க்ரூக்கெல்லாம் நலங்கு வெச்சிட்டீங்களா? ஜோரா கீது! யார் வூட்டு ஸ்க்ரூபா இது?"

பாய் ஒரு ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"யா அல்லா! என் கதவு மேல கோலம் போட்டு வெச்சிகீறீங்களேப்பா! எது எங்க போவும்னு இனிமே யாரப் போய் கேப்பேன்? பெரியவரு ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லிகீறாரு. இன்னா பேஜாரு இது!"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சிவந்தது. "யார் தேச்சது?" என்றார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அஞ்சலை கையில் பொரி கொடுத்து முடித்த வேறொரு காலித் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தார். அதன் விளிம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நான்தான் முதலாளி. அழுக்கா கெடந்துச்சேன்னு..."

"உன்ன யாரு அதத் தொடச் சொன்னது? சார், இவங்க கணக்க முடிச்சி அனுப்பிடுங்க. அந்தப் பெரியவர் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

சார் முன்னால் வந்தார்.

"பலகை என் மேஜைல இருந்தது முதலாளி. பூஜைக்குக் கழுவுவாங்கன்னு எனக்கும் தெரியும். இது தொடக் கூடாத சாமான்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. கதவு சரியா ஏறலைன்னா நீங்க முடிவு பண்ணுங்க. ஏறுதான்னு பாக்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் குடுங்க."

முதலாளி பாயைப் பார்த்தார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். "சரி. ஞாயித்துக்கிழமை கதவு நிக்கலன்னா திங்கக்கிழமை இந்தம்மா வரவேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியமே சார், நான், பாய் மூவரும் கம்பெனி டெம்போவில் பாயின் ஷெட்டுக்குக் கிளம்பினோம். ஏறும்போது சார் திரும்பி, "நீங்களும் வாங்கம்மா" என்றார். அஞ்சலை, "நான் இன்னாத்துக்கு சார்? நான் தொட்டதே போதும்" என்றார். "தேச்சது நீங்க. உதிராம பாத்து வச்சிக்கிடவும் நீங்கதான் வேணும்." அஞ்சலை மடியில் ஸ்க்ரூத் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, டெம்போ குலுங்கும்போதெல்லாம் ஸ்க்ரூக்களைக் கையால் மூடிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஷெட்டில் கறுப்புக் கார் கதவில்லாமல் நின்றது. சட்டத்தில் பித்தளைத் தகடு பதித்து, அதில் மரை போட்ட ஓட்டைகள். ஒரு பக்கம்தான் திறப்பு, மறுபக்கம் மரம் அடைத்திருக்கும். எவ்வளவு ஆழம் என்று பார்க்கச் சார் தன் ஸ்கேலை விட்டுப் பார்த்தார். ஸ்கேல் அகலம், உள்ளே போகவில்லை. பாய் கம்பி ஒன்றை எடுத்தார். "கம்பி வேண்டாம் பாய், மரை கீறிப்போகும்" என்று தடுத்துவிட்டார் சார். மரையில் காயம்படாமல், உள்ளே நேராகப் போகிற மெல்லிய குச்சி ஒன்று வேண்டும்.

நான் பையில் கையை விட்டேன். ஊதுபத்திப் பாக்கெட். முருகா என்று சொல்லிக்கொண்டு ஒரு பத்தியை எடுத்தேன். மருந்து தடவாத அடிப்பக்கம் வெறும் மூங்கில். அதை ஓட்டைக்குள் விட்டேன். மென்மையாகப் போய் அடியில் முட்டி நின்றது. வாய் மட்டத்தில் நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்து வெளியே எடுத்தேன்.

சார் அதை வாங்கி ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். "இன்னும் எத்தனை பத்தி இருக்கு?" என்றார்.

பாய் சிரித்துவிட்டார். "நைனா, எத்தினியோ மேஸ்திரிய பாத்துகீறேன். ஊதுபத்தி வெச்சி காரு செய்யறவன் நீ ஒர்த்தன்தான்!"

ஓர் ஓட்டைக்கு ஒரு பத்தி. அளந்த பத்தியை அந்த ஓட்டையிலேயே செருகி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு நிலை முழுக்க ஊதுபத்தி நின்றது. பார்க்கக் கோயில் மாதிரியே இருந்தது. சார் கீலின் கனத்தையும் கூட்டிச் சொல்லச் சொல்ல, அஞ்சலை அந்த நீளத்துக்குச் சரியான ஸ்க்ரூவைத் தாம்பாளத்திலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். சார் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் மட்டும் போட்டுப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைக் கிட்டேயே விடவில்லை. அடியில் முட்டாமல், தலை கீலின் குழிக்குள் அமுங்கி உட்கார்ந்தால் தலையசைப்பார். இல்லையென்றால் மறுபடி தாம்பாளத்துக்கு. தலை சிதைந்த ஸ்க்ரூவுக்கும் நீளம் இருக்கிறதே, அதையும் அப்படியே பார்த்துத் தனியாக வைத்தோம்.

எல்லாம் இடம் சேர்ந்துவிட்டது என்று நான் மூச்சுவிடும்போது பாய் குறுக்கே வந்தார்.

"இல்ல சார். தப்பாப் போவுது. இந்த நீட்ட ஸ்க்ரூ அடி கீல்ல கெடையாது. இது மேல் கீல்ல இர்ந்துச்சு. மத்தத வேணா மறந்துட்டேன், இது எனக்கு நல்லா நாபகம் கீது. கழட்டும்போது இத்தோட தல என் கைய கீறிச்சு. பாருங்க, தழும்பு கீது."

அஞ்சலையின் முகம் வாடிவிட்டது. பிரித்தவரே தப்பு என்கிறார். பத்தி வேறு விதமாகச் சொல்கிறது. எதை நம்புவது?

சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பாய், தல எப்படிக் கையக் கீறிச்சு?"

"லேசா தூக்கினு இர்ந்துச்சு சார்."

"கீலுக்கு மேலயா?"

"ஆமா. உள்ள அமுங்காம..." பாய் பாதியில் நிறுத்திவிட்டார்.

சார் மெதுவாகச் சொன்னார். "தல தூக்கிட்டு இருந்தா கீல் முழுசா மடங்காது. மடங்காத கீல ஓங்கி அடிச்சாத்தான் கதவு மூடும். இத முன்னாடியே யாரோ ஒருத்தர் பிரிச்சி மாத்தி மாட்டியிருக்காங்க பாய். ஆழம் கம்மியான ஓட்டைக்கு நீட்டு ஸ்க்ரூ. நீங்க பலகைல சரியாத்தான் கொண்டு வந்தீங்க. ஆனா நீங்க கொண்டு வந்தது அவரு செஞ்ச தப்ப."

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி... அப்போ பெரியவரோட அப்பா ஆயுசு பூரா அட்ச்சது கதவ இல்ல, இந்த ஒரு ஸ்க்ரூவத்தானா?"

சிதைந்த ஸ்க்ரூக்களுக்குப் பதில் புதியதை மறுநாளிலிருந்து நானே கடைந்தேன். ஐம்பத்தைந்து டிகிரி, வெளிச்சம் புகாத டூல். சனிக்கிழமை கதவை ஏற்றினோம். எல்லா ஸ்க்ரூவும் விரலிலேயே போனது. கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும்தான் சார் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாயின் ஷெட்டுக்குப் பெரியவர் வந்தார். கூடவே முதலாளி. அஞ்சலை டெம்போவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பெரியவர் பழக்கத்தில் கதவை அறையக் கையை ஓங்கினார். "மெதுவா, ஐயா" என்றார் சார். பெரியவர் சந்தேகத்தோடு ஒரு விரலால் தள்ளினார். பெட்டி மூடுகிற மாதிரி 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கதவு மூடிக்கொண்டது. அவர் திறந்தார். மறுபடி மூடினார். பிறகு யாரையும் பார்க்காமல், "எங்கப்பா இத ஒரு தடவ கேட்டிருக்கணும்" என்றார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். உடனே, "பாருங்க, எங்க ஷெட்ல வேல செய்யற அம்மா ஒருத்தங்க தேச்சிக் கலைச்சதுலதான் இந்தத் தப்பே வெளிய வந்துது. நல்லதுக்குத்தான் நடந்திருக்கு" என்று பெரியவரிடம் பெருமையாக ஆரம்பித்தார். சார் அதை விடவில்லை.

"இல்ல முதலாளி. சாம்பிளக் கலைச்சது தப்புதான். அது தப்பாவே இருக்கட்டும். இன்னொரு தடவ இப்படி நடந்தா இந்த மாதிரி அமையாது. தெரியாமச் செஞ்ச தப்புக்கு ஒரு வீட்டுச் சோறு போகக் கூடாது. அது மட்டும்தான் நான் கேக்கது."

முதலாளி டெம்போவின் பக்கம் திரும்பி, "அஞ்சல, திங்கக்கிழமை லேட் பண்ணாம வா. பேக்கிங் நெறைய கெடக்குது" என்றார். அங்கிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அம்பாள் முன்னால் ஓர் இரவு இருந்த ஸ்க்ரூக்கள் வழி தவறாது என்பது என் நம்பிக்கை. இதைச் சாரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "பத்தி பாக்கெட் தீந்து போச்சே, நாளைக்கு உங்க முருகருக்கு என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து சாம்பிள்களைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலமாரி வந்தது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் அஞ்சலை தரையை மட்டும் கழுவினார். மேஜைப் பக்கம் போகவில்லை. டூல்களைத் துடைக்கச் சொன்னதற்கு, "வேணாம்ணா, நீங்களே தொடச்சிக்கோங்க. என் கை ராசி இல்லாத கை" என்று துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். நாங்கள் எவ்வளவு கேலி செய்தும் அவர் உள்ளே வரவில்லை.

சார் தன் மேஜையிலிருந்து எழுந்தார். மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எங்கள் முன்னாலேயே அதைத் திறந்து, பச்சைத் துணியை விரித்து, மைக்ரோமீட்டரை எடுத்து அஞ்சலையின் கையில் வைத்தார். அத்தனை வருஷத்தில் வேறு ஒருவர் கையில் அதை நான் பார்த்ததில்லை. அஞ்சலை குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்த வருசம் இதுவும் சாமி முன்னால இருக்கட்டும். தொடச்சிக் குடுங்கம்மா" என்றார் சார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"புளி மட்டும் போட்டுறாதீங்க."

ஷெட்டே சிரித்தது. அஞ்சலையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையின் உலர்ந்த நுனியைத் தேடி எடுத்து, துடைக்க ஆரம்பித்தார்.